வரி அலுவலகத்துக்கு மென்பொருள்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2019 ஆகஸ்ட் 1 அன்று, இந்தியாவில் வேறு எந்த மாநிலத்திலும் இல்லாத ஒரு வரி கேரளத்தில் நடைமுறைக்கு வந்தது. முந்தைய ஆண்டின் பெருவெள்ளம் விட்டுச்சென்ற அழிவைச் சீர்செய்யப் பணம் திரட்டுவதற்காக, ஜிஎஸ்டி கவுன்சிலின் ஒப்புதலோடு விதிக்கப்பட்ட கேரள வெள்ள செஸ் அது. மாநிலத்துக்குள், ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்கு விற்கும்போது மட்டும் அதை வசூலிக்க வேண்டியிருந்தது. 12, 18, 28 சதவீத ஜிஎஸ்டி இருந்த பொருள்களுக்கு 1 சதவீதம், தங்க வெள்ளி நகைகளுக்குக் கால் சதவீதம், 5 சதவீதப் பொருள்களுக்குக் கிடையாது. ஜிஎஸ்டி ரிட்டர்னில் இதற்கு இடமிருக்கவில்லை. கேரள வரித் துறையின் தளத்தில் மாதாமாதம் தனிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. செஸ் தொகையின் மீதும் ஜிஎஸ்டி ஏறிவிடக் கூடாது என்பதற்காக மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 32ஏ என்ற விதியையே புதிதாகச் சேர்த்தார்கள். 2021 ஜூலை 31 அன்று அந்த செஸ் முடிந்தது.

இரண்டே ஆண்டு இருந்த இந்த வரியை, இன்று வரி மென்பொருள் வாங்க நினைக்கும் ஒவ்வொரு கணக்கு அலுவலகமும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாடு முழுவதற்கும் பொதுவாகச் செய்யப்பட்ட மென்பொருளுக்கு ஒரு மாநிலத்தின் தனி விதி தானாகத் தெரியாது. யாராவது அதைச் சேர்க்க வேண்டும், அதுவும் முதல் பில் போடும் நாளுக்கு முன்பே சேர்க்க வேண்டும். ஆகவே விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: அடுத்த மாதம் கேரளத்துக்கு மட்டும் ஒரு விதி வந்தால், உங்கள் மென்பொருள் எத்தனை நாளில் அதற்குத் தயாராகும்?

திருவனந்தபுரத்தில் இரண்டு முதல் பதினைந்து பேர் வரை வேலை செய்யும் ஆடிட்டர் அலுவலகங்களையும் வரி ஆலோசகர்களையும் மனத்தில் வைத்து இந்த விளக்கத்தை எழுதுகிறேன். எந்தப் பொருளை வாங்கலாம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. எதை வைத்து முடிவெடுப்பது என்பதைத்தான் சொல்கிறேன்.

வேலை எங்கே தேங்குகிறது?

ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலாக எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். கட்சிக்காரரிடமிருந்து பில்கள் வர வேண்டும். யாராவது பதிவேற்ற வேண்டும். வாங்கியதற்கான பில்களை ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசங்களைக் கட்சிக்காரரிடம் கேட்டுத் தெளிய வேண்டும். மூத்தவர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். வரித் தொகையைக் கட்சிக்காரருக்குச் சொல்லி, அவர் சம்மதித்துப் பணம் கட்டிய பிறகு தாக்கல் செய்து, ஒப்புகையைக் கோப்பில் வைக்க வேண்டும்.

கணக்குப் போடுவது இதில் சிறிய பங்குதான். நேரம் கரைவது காத்திருப்பதில். பில் வரவில்லை, கேட்டதற்குப் பதில் இல்லை, ஓடிபி சொல்ல ஆள் கிடைக்கவில்லை, சரிபார்க்க வேண்டியவர் வெளியே போயிருக்கிறார். எந்தக் கோப்பு யாரிடம், எதற்காக நிற்கிறது என்பது பெரும்பாலான அலுவலகங்களில் ஒருவருடைய தலைக்குள்தான் இருக்கிறது. அவர் விடுப்பில் போனால் அலுவலகமே திண்டாடுகிறது.

மாதாமாதம் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கட்சிக்காரர் நூறு பேர் இருந்தால், ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி இரண்டும் சேர்த்து ஆண்டுக்கு 2,400 தாக்கல்கள். ஒவ்வொன்றும் ஏழெட்டு படி கடக்கிறது. இதை நினைவாற்றலை மட்டும் நம்பி நடத்த முடியாது. வேலை ஓட்டத்தைக் கவனிக்கும் மென்பொருள் தேவைப்படுவது இங்கேதான்.

மூன்று வகை, மூன்று வேலை

சந்தையில் வரி மென்பொருள் என்ற ஒரே பெயரில் மூன்று விதமான பொருள்கள் விற்கிறார்கள். எது எதற்கு என்று பிரித்துப் பார்க்காமல் வாங்குவதுதான் பணம் வீணாவதற்கு முதல் காரணம்.

முதல் வகை, கணக்கிட்டு ரிட்டர்ன் தயாரித்துத் தாக்கல் செய்வது. மங்களூரின் வின்மேன், ஜெய்ப்பூரின் ஜீனியஸ், ஸ்பெக்ட்ரம், பெங்களூரின் சரல், கிளியர் எனத் தென்னிந்தியாவிலும் வடக்கிலும் பல நிறுவனங்கள் இதில் உள்ளன. வருமான வரி, டிடிஎஸ், ஜிஎஸ்டி எல்லாம் இவற்றில் அடங்கும்.

இரண்டாம் வகை, கணக்கு எழுதுவது. டேலி, சோஹோ புக்ஸ் போன்றவை. இவை பெரும்பாலும் கட்சிக்காரரிடம் இருப்பவை. இவற்றிலிருந்து தரவு உங்கள் அலுவலகத்துக்கு எப்படி வந்துசேரும் என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது.

மூன்றாம் வகை, அலுவலகத்தின் வேலையைக் கண்காணிப்பது. எந்தக் கட்சிக்காரருக்கு என்ன தாக்கல், யார் பொறுப்பு, எந்தப் படியில் நிற்கிறது, யாருக்கு நினைவூட்டல் போக வேண்டும், எவ்வளவு கட்டணம் பாக்கி என்பதையெல்லாம் ஒரே திரையில் காட்டும். கார்பன், டாக்ஸ்டோம் என்று வெளிநாட்டு அலுவலகங்களில் புழங்குபவை இந்த வகை. அவை அந்தந்த நாட்டு நடைமுறையை ஒட்டி வளர்ந்தவை. நம் ஜிஎஸ்டி, வருமான வரித் தளங்களோடு அவை சேர்ந்து இயங்குமா என்று தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பெரும்பாலான சிறிய அலுவலகங்களில் முதல் வகை ஏற்கெனவே இருக்கிறது. குறை இருப்பது மூன்றாம் வகையில். ஆனால் விளம்பரத்தைப் பார்த்து மறுபடியும் முதல் வகையிலேயே இன்னொன்றை வாங்கிவிடுகிறார்கள்.

முதலில் உங்கள் நாட்காட்டியை எழுதுங்கள்

மென்பொருளைப் பார்க்கும் முன் ஒரு பெரிய தாளில் உங்கள் அலுவலகத்தின் ஆண்டை எழுதுங்கள். 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும். 11-ல் ஜிஎஸ்டிஆர்-1, 14-ல் ஜிஎஸ்டிஆர்-2பி உருவாகும், 20-ல் ஜிஎஸ்டிஆர்-3பி. 5 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர்கள் காலாண்டுத் திட்டத்தில் இருந்தால் ஜிஎஸ்டிஆர்-1 காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13-ல், 3பி கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் 22-ல். இடைப்பட்ட மாதங்களின் வரியை 25-க்குள் கட்ட வேண்டும். காம்போசிஷன் வியாபாரிகளுக்குக் காலாண்டு முடிந்த பின் 18-ஆம் தேதி. டிடிஎஸ் ரிட்டர்ன் ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. முன்வரி நான்கு தவணை. வரித் தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30. ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்ன் டிசம்பர் 31.

ஜிஎஸ்டிஆர்-3பி ஒரு நாள் தாமதித்தால் 50 ரூபாய், வரியே இல்லாத ரிட்டர்னுக்கு 20 ரூபாய், டிடிஎஸ் ரிட்டர்னுக்கு 200 ரூபாய். பல நாள், பல கட்சிக்காரர் என்று சேரும்போது அது அலுவலகத்தின் நற்பெயரைத் தின்றுவிடும். இன்னொன்றும் உண்டு. 2025 ஜூலை வரிக்காலத்திலிருந்து, உரிய தேதி கடந்து மூன்று ஆண்டு ஆன ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தளம் ஏற்காது. மறந்துபோன ஒரு பழைய ரிட்டர்ன் இனி அபராதத்தோடு முடிவதில்லை, நிரந்தரமாகவே அடைபட்டுவிடுகிறது.

எழுதிய நாட்காட்டியில், எந்தத் தேதிகள் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன என்று வட்டமிடுங்கள். திருவனந்தபுரத்தில் ஓண விடுமுறை வருவது ஆகஸ்ட் பிற்பகுதியிலோ செப்டம்பரிலோ. தணிக்கை வேலை உச்சத்தில் இருக்கும் காலமும் அதுவே. கட்சிக்காரர்களும் கடையைக் கவனிப்பார்கள், உங்கள் ஊழியர்களும் ஊருக்குப் போவார்கள். நல்ல மென்பொருள் செப்டம்பர் 20-ன் நெருக்கடியை ஆகஸ்டிலேயே காட்ட வேண்டும்.

இந்த ஊருக்குரிய வேலைகள்

நாட்காட்டியில் கேரளத்துக்கென்று உள்ளவற்றைத் தனி நிறத்தில் குறியுங்கள். விற்பவர் காட்டும் பட்டியலில் இவை இருக்கின்றனவா என்று பார்ப்பதே நல்ல சோதனை.

தொழில் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் அது மாநில அரசுக்குப் போகும் மாதாந்திர வேலை. கேரளத்தில் அது உள்ளாட்சி அமைப்புக்குப் போகிறது. ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் அரையாண்டுக்கு ஒருமுறை சம்பளத்திலிருந்து பிடிக்கிறார்கள். கேரள நகராட்சி, மாநகராட்சிகளின் சேவைகள் 2024 ஜனவரி 1 முதல் கே-ஸ்மார்ட் தளத்துக்கு வந்துவிட்டன. பெங்களூரில் செய்த சம்பள மென்பொருள் இதை மாதாந்திர வேலையாகவே காட்டினால், உங்கள் ஊழியர் மாதாமாதம் அதைக் கையால் தள்ளிவைத்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது நகைக் கடைகள். கேரளத்துக்குள் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தங்கத்தைக் கொண்டுசெல்ல 2025 ஜனவரி முதல் இ-வே பில் வேண்டும். மற்ற பொருள்களுக்கான வழக்கமான இ-வே பில் நடைமுறையிலிருந்து இது மாறுபட்டது. கட்சிக்காரர்களில் நகைக்கடைக்காரர் இருந்தால் மென்பொருளில் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, எல்லை. திருவனந்தபுரத்தில் கடையும் நாகர்கோவிலில் கிளையும் வைத்திருக்கும் வியாபாரிகள் ஏராளம். ஒரே பான், இரண்டு ஜிஎஸ்டி எண். ஒன்று 32 என்று தொடங்கும், மற்றது 33 என்று. களியக்காவிளையைத் தாண்டிச் சரக்கு போனால் அது மாநிலங்களுக்கிடையிலான விற்பனை, ஒரே முதலாளி என்றாலும் வரி உண்டு. இரண்டு பதிவுக்கும் பொதுவான சேவைச் செலவின் உள்ளீட்டு வரியைப் பிரித்துக் கொடுக்க, 2025 ஏப்ரல் 1 முதல் உள்ளீட்டுச் சேவை விநியோகிப்பாளர் பதிவு கட்டாயம். பல எண்களை ஒரே பானின் கீழ் சேர்த்துக் காட்டாத மென்பொருள் இத்தகைய கட்சிக்காரருக்கு உதவாது.

வளைகுடாவில் வேலை செய்வோரின் சொத்து விற்பனை, டெக்னோபார்க் நிறுவனங்களின் சேவை ஏற்றுமதியும் வரியைத் திரும்பப் பெறுதலும், கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கு, கோவளத்து ஓட்டல்கள் என்று இந்த ஊரின் வேலைகளுக்குத் தனி முகம் உண்டு. உங்கள் கட்சிக்காரர்களில் எந்த வகை அதிகமோ, அந்த வகைக்கு ஏற்றதா என்பதுதான் தேர்வின் மையம். பொதுவாக எது சிறந்தது என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது.

சட்டம் மாறும் வேகத்துக்கு ஈடுகொடுக்குமா?

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் 12, 28 சதவீத அடுக்குகளை நீக்குவதாக முடிவெடுத்தது. செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான பொருள்களுக்கு அது நடைமுறைக்கு வந்தது. இடையில் இருந்தது மூன்று வாரத்துக்கும் குறைவு, அதற்குள் திருவோணமும் வந்துபோனது. அந்தச் சில நாள்களில் ஒவ்வொரு பொருளின் விகிதத்தையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. விற்பவரிடம், அப்போது எந்தத் தேதியில் புதிய பதிப்பு கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வருமான வரியில் இன்னும் பெரிய மாற்றம். 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 1961 சட்டத்தின் இடத்தில் 536 பிரிவுகள் கொண்ட புதிய சட்டம். முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்கு போய், வரி ஆண்டு என்ற ஒன்றே நிற்கிறது. 194சி, 194ஜே என்று விரல் நுனியில் வைத்திருந்த டிடிஎஸ் பிரிவுகள் 392, 393 என்ற இரண்டு பிரிவுகளுக்குள் அடங்கிவிட்டன. ஆனாலும் 2025-26 வருமானத்துக்கான ரிட்டர்ன் பழைய சட்டப்படிதான். பழைய ஆண்டுகளின் மேல்முறையீடுகளும் அப்படியே. ஆகவே இரண்டு சட்டத்தையும் அருகருகே வைத்துக் கையாளும் மென்பொருள்தான் இன்னும் பல ஆண்டுகளுக்குத் தேவை.

அரசுத் தளத்தோடு எப்படிப் பேசுகிறது?

தானாகவே 2பி இறக்கிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த வழியில் என்று கேளுங்கள். ஜிஎஸ்டி தளத்தோடு பேச அங்கீகரிக்கப்பட்ட வழி, ஜிஎஸ்டி சுவிதா நிறுவனங்கள் மூலம் ஏபிஐ இணைப்பு. கட்சிக்காரர் தம் கணக்கில் ஏபிஐ அனுமதியை இயக்கி, ஓடிபி மூலம் சம்மதம் தர வேண்டும். அந்த அனுமதிக்கு ஒருமுறைக்கு அதிகபட்சம் 30 நாள் ஆயுள். இன்னொரு வழி, கட்சிக்காரரின் கடவுச்சொல்லை மென்பொருளில் சேமித்துவைத்து, மனிதர் செய்வதுபோலத் தளத்துக்குள் நுழைவது. தளத்தின் முகப்பு சற்று மாறினாலும் அது நின்றுவிடும். கடவுச்சொல் எங்கே, எப்படிச் சேமிக்கப்படுகிறது என்ற கவலையும் சேரும். வருமான வரிக்கும் துறையில் பதிவு பெற்ற இ-ரிட்டர்ன் இடைநிலை நிறுவனங்கள் உண்டு. விற்பவர் அவர்களில் ஒருவரா, அவர்களில் ஒருவர் மூலம் இயங்குகிறாரா என்று எழுத்தில் வாங்குங்கள்.

தளமே படுத்துவிடும் நாளையும் எண்ணிப் பாருங்கள். 2021 ஜூன் 7 அன்று திறந்த புதிய வருமான வரித் தளம் பல மாதம் தடுமாறியது. தணிக்கை தேவைப்படாதவர்களின் ரிட்டர்ன் தேதியை அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். அத்தகைய நாள்களில் உதவுவது, இணையம் இல்லாமலும் வேலையைத் தயாராக வைத்திருந்து, தளம் எழுந்ததும் வரிசையாக அனுப்பும் வசதி. இடவப்பாதி மழையில் மின்சாரமும் இணையமும் போகும் ஊருக்கு இது அவசியம். கிளவுடில் மட்டுமே இயங்கும் மென்பொருளை எடுத்தால் இரண்டாவது இணைய இணைப்புக்கும் பணம் ஒதுக்குங்கள்.

நோட்டீஸைக் கண்டுபிடிப்பதே பெரிய வசதி

என் பார்வையில் ஒரு வரி அலுவலகம் முதலில் தானியங்கியாக்க வேண்டியது நோட்டீஸ் கண்காணிப்பு. ஜிஎஸ்டியில் தளத்தில் பதிவேற்றினாலே நோட்டீஸ் சார்பு செய்ததாகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தளத்தின் 'கூடுதல் நோட்டீஸ்கள்' என்ற மூலையில் போட்டிருந்ததால் பார்க்கவே இல்லை, அதற்குள் உத்தரவு வந்துவிட்டது என்று மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் படியேறிய வியாபாரிகள் பலர். நீதிமன்றம் பல வழக்குகளில் மறுவாய்ப்பு கொடுத்தது. ஆனால் வழக்கறிஞர் செலவும், வங்கிக் கணக்கு முடங்கிய நாள்களும் திரும்பி வராது.

எல்லாக் கட்சிக்காரரின் கணக்கையும் நாள்தோறும் பார்த்து, புதிய நோட்டீஸ் வந்தால் அன்றே சொல்லி, பதில் தர வேண்டிய கடைசி நாளை நாட்காட்டியில் ஏற்றும் மென்பொருள், தன் விலையை அந்த ஒரு வேலையிலேயே திருப்பித் தந்துவிடும். கரமனையில் உள்ள மாநில ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்தோ, கவடியார் ஆயகர் பவனிலிருந்தோ கேள்வி எழுந்தது உங்களுக்குத் தெரிந்த நாளும், கட்சிக்காரர் அலறிக்கொண்டு தொலைபேசியில் அழைக்கும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது.

இயந்திரத்திடம் விடக் கூடாதவை

திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடக்கும் வேலைகளை இயந்திரத்திடம் தாராளமாகக் கொடுங்கள். 2பி ஒப்பீடு, 26ஏஎஸ் இறக்குதல், நினைவூட்டல், சலான் தயாரிப்பு, ஒப்புகைகளைக் கோப்பில் சேர்ப்பது எல்லாம் அந்த வகை. கருத்து தேவைப்படும் வேலைகளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். இந்த உள்ளீட்டு வரியை எடுக்கலாமா, இந்த வருமானம் மூலதன ஆதாயமா வியாபாரமா, இந்த நோட்டீஸுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பவை அனுபவத்தின் வேலை.

2025 ஜூலை வரிக்காலத்திலிருந்து 3பி-யில் தானாக நிரப்பப்படும், விற்பனைக்கான வரித் தொகையைத் திருத்த முடியாது. ஜிஎஸ்டிஆர்-1-ல் தவறு இருந்தால், 3பி தாக்கலுக்கு முன் ஜிஎஸ்டிஆர்-1ஏ மூலம் சரிசெய்ய வேண்டும். கடைசி நேரத்தில் கையால் மாற்றி ஒப்பேற்றும் பழக்கம் இனி நடக்காது. ஆகவே சரிபார்க்கும் படியைத் தாண்டி யாரும் தாக்கல் செய்ய முடியாதபடி மென்பொருளில் பூட்டு இருக்க வேண்டும். தயாரித்தவரே சரிபார்த்ததாகவும் குறிக்க முடிந்தால் அந்தப் பூட்டுக்குப் பொருளில்லை.

செயற்கை நுண்ணறிவு பதில் எழுதித் தரும் என்ற விளம்பரங்கள் இப்போது அதிகம். வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூர் அமர்வு 2024 டிசம்பரில் கொடுத்த ஓர் உத்தரவில், இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக வந்திருந்தது தெரிந்து அந்த உத்தரவைத் திரும்பப் பெற நேர்ந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கீழமை நீதிமன்றங்களுக்கு ஒரு கொள்கையே வகுத்து, முடிவெடுக்க இந்தக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்றது. நீதிபதிகளுக்கே இந்த எச்சரிக்கை என்றால், ஆடிட்டரின் மேசைக்கும் அது பொருந்தும். செயற்கை நுண்ணறிவு எழுதிய வரைவில் வரும் ஒவ்வொரு தீர்ப்பையும் மூலத்தில் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

கட்சிக்காரரின் ரகசியம்

கட்சிக்காரரின் சம்மதமின்றி அவர் தகவலை வெளியிடுவது 1949-ஆம் ஆண்டு பட்டயக் கணக்காளர் சட்டப்படி தொழில் ஒழுங்கீனம். மென்பொருள் நிறுவனத்திடமிருந்து கசிந்தாலும் கட்சிக்காரர் கேள்வி கேட்கப்போவது உங்களைத்தான். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடமுண்டு. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன.

பல அலுவலகங்களில் எல்லாக் கட்சிக்காரரின் கடவுச்சொல்லும் ஒரே எக்செல் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பு எல்லோருடைய கணினியிலும் இருக்கிறது. வேலையை விட்டுப் போன ஆர்ட்டிக்கிள் மாணவரின் பென் டிரைவிலும் இருக்கக்கூடும். மென்பொருள் மாற்றும்போது இதை முதலில் ஒழியுங்கள். யார் எந்தக் கட்சிக்காரரைப் பார்க்கலாம் என்று வரையறுக்க முடிய வேண்டும். யார் எப்போது எதைத் திறந்தார், மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் இத்தகைய திருத்தத் தடம் கட்டாயம். ஆடிட்டர் அறிக்கையில் அதைப் பற்றி எழுதவும் வேண்டும். கட்சிக்காரரிடம் இருக்கிறதா என்று தேடும் நாம் நம் அலுவலகத்திலும் அதை வைத்திருப்பதே முறை.

விலையை எப்படிக் கணக்கிடுவது?

சிலர் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள், சிலர் பான் அல்லது ஜிஎஸ்டி எண்ணுக்கு, சிலர் ஆண்டுக்கு மொத்தமாக. முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். புதுப்பிப்புக் கட்டணம், பயிற்சி, பழைய தரவை ஏற்றும் செலவு, கூடுதல் சேமிப்பு, வாட்ஸ்அப் செய்திகளுக்கான தனிக் கட்டணம் எல்லாம் சேர்த்து மூன்று ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். அதோடு, ஊழியர்கள் கற்றுக்கொள்ளும் முதல் சில மாதங்களில் வேலை மெதுவாகும். அதுவும் செலவுதான்.

வெளியேறும் செலவையும் வாங்கும் முன்பே கேளுங்கள். ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிக் கணக்குகள் எட்டு ஆண்டு. தணிக்கைத் தாள்கள் ஏழு ஆண்டு. மூன்றாம் ஆண்டில் சந்தாவை நிறுத்தினால் பழைய கோப்புகள் எக்செல், பிடிஎஃப் வடிவில் முழுதாகக் கைக்கு வருமா? இதற்குத் தெளிவான பதில் இல்லாத மென்பொருளை வேறு எந்தச் சிறப்புக்காகவும் வாங்கக் கூடாது.

சோதித்துப் பார்க்கும் முறை

விற்பவர் காட்டும் மாதிரிக் கணக்கில் எல்லாம் அழகாக நடக்கும். உங்கள் கட்சிக்காரர்களில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். சிக்கலானவர்களாகப் பாருங்கள். பில்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும் சாலைக் கடைத்தெரு மொத்த வியாபாரி ஒருவர், ஒரு நகைக்கடை, டெக்னோபார்க்கில் ஓர் ஏற்றுமதி நிறுவனம், நாகர்கோவிலில் கிளை உள்ளவர் ஒருவர், துபாயில் இருப்பவர் ஒருவர், ஓர் அறக்கட்டளை. பழைய முறையையும் நிறுத்தாமல், இரண்டையும் அருகருகே இரண்டு மாதம் நடத்துங்கள்.

இதை ஜூலையிலோ செப்டம்பர், அக்டோபரிலோ ஆரம்பிக்காதீர்கள். ஜனவரி 31 டிடிஎஸ் வேலை முடிந்ததும், பிப்ரவரியில் தொடங்கலாம். தேறினால் ஏப்ரலில் புதிய நிதியாண்டோடு எல்லோரையும் மாற்றலாம்.

சோதனையின் முடிவை முதலாளி மட்டும் எடுக்கக் கூடாது. நாள் முழுதும் அதில் உட்காரப்போவது ஊழியர்கள். அவர்களில் மிகவும் தயங்குபவருக்கே அது கைவந்துவிட்டால் மற்றவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

விற்பவரிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டிய கேள்விகள் இவை:

1. கேரளத்துக்கு மட்டும் வரும் விதிகளை யார், எத்தனை நாளில் சேர்க்கிறார்கள்?
2. 2026-க்கு முந்தைய, பிந்தைய வருமான வரிச் சட்டங்கள் இரண்டையும் கையாளுமா?
3. அரசுத் தளங்களோடு ஏபிஐ மூலம் பேசுகிறதா, கடவுச்சொல் மூலமா?
4. தரவு எந்த நாட்டில், யாருடைய சர்வரில் இருக்கிறது? காப்புப் பிரதி எவ்வளவு நாளுக்கு ஒருமுறை?
5. தயாரிப்பவர், சரிபார்ப்பவர், தாக்கல் செய்பவர் என்று பொறுப்பைப் பிரிக்க முடியுமா?
6. கட்சிக்காரருக்கு மலையாளத்திலும் தமிழிலும் நினைவூட்டல் அனுப்ப முடியுமா?
7. 20-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் பேச ஆள் உண்டா?
8. நாங்கள் விலகினால் எங்கள் தரவு எந்த வடிவில், எத்தனை நாளில் கிடைக்கும்?

எட்டுக்கும் தெளிவாகப் பதில் தருபவரோடு மட்டும் விலை பேசுங்கள்.

பெரிய அலுவலகங்களுக்கு மட்டுமா?

1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் உள்ள ஊர் இது. அமெரிக்கர்களுக்கு வரி ரிட்டர்ன் தயாரித்துக் கொடுக்கும் எச் அண்ட் ஆர் பிளாக் நிறுவனத்தின் தொழில்நுட்ப மையம் இந்த நகரத்தில்தான் இயங்குகிறது. உலகத்துக்கு வரி மென்பொருள் எழுதும் திறமை நம் ஊரில் இருக்கும்போது, நம் ஊர் ஆடிட்டர் அலுவலகம் நள்ளிரவு வரை எக்செலில் 2பி ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மூன்று பேர் அலுவலகத்துக்கும் இது கட்டுப்படியாகும் காலம் வந்துவிட்டது. சிறிய அலுவலகத்தில் ஒருவர் இல்லாவிட்டாலே வேலை நின்றுவிடும் என்பதால், தேவையும் அங்கேதான் அதிகம்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். தணிக்கை அறிக்கையில் கையொப்பமும், சான்றிதழில் யுடின் எண்ணும் உங்கள் பெயரில் இருக்கின்றன. மென்பொருள் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில், தவறுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வரி நிச்சயம் இருக்கும். அதைத் தேடிப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள். இந்த வாரக் கடைசியில் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து அந்த நாட்காட்டியை எழுதி முடியுங்கள். எந்த மென்பொருள் வேண்டும், எது வேண்டாம் என்பதில் பாதி முடிவு அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.